உதவி: விர்ச்சுவல்பாக்ஸில் 3டி முடுக்கம் போட்டதும் பிளெண்டர் திறக்க மறுக்கிறது

உட்லண்ட்ஸ்அப்பா:
வணக்கம். மகள் பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கிறாள். லினக்ஸும் பழகட்டும் என்று அவளுடைய விண்டோஸ் 11 மடிக்கணினியில், கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை (விஎம்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் 7 வழியாக உபுண்டு 24.04 லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். 16 ஜிபி நினைவகத்தில் 8 ஜிபியும், 4 கோரும் அதற்கு. முதலில் ஜன்னலைப் பிடித்து இழுத்தால் திக்கித் திக்கி நகரும், விசிறி அலறும். ஆனால் 3டி அனிமேஷன் மென்பொருளான பிளெண்டர் திறந்தது. அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸின் டிஸ்ப்ளே அமைப்பில், வரையும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டுக்குத் தரும் 3டி முடுக்கத்தை இயக்கினேன். இப்போது திரை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, பிளெண்டர் மட்டும் ஓப்பன்ஜிஎல் (3டி வரைவதற்கான கட்டளைத் தொகுதி) 4.3 வேண்டும் என்று சொல்லி மூடிக்கொள்கிறது. முடுக்கம் கூடினால் எல்லாமே கூடத்தானே வேண்டும்?

தேக்காதம்பி:
அண்ணே, மெசா-யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவி, டெர்மினலில் ஓப்பன்ஜிஎல் விவரத்தைக் காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டுங்கள். முடுக்கம் இருக்கும்போது ஒரு தடவை, இல்லாதபோது ஒரு தடவை. ரெண்டரர் (படத்தை வரைவது எது) என்ற வரியிலும் கோர் ப்ரொஃபைல் பதிப்பு (ஓப்பன்ஜிஎல் எந்தப் பதிப்பு) என்ற வரியிலும் என்ன வருகிறது?

உட்லண்ட்ஸ்அப்பா:
முடுக்கம் இல்லாதபோது எல்எல்விஎம்பைப், 4.5. இருக்கும்போது எஸ்விஜிஏ3டி, 4.1.

தேக்காதம்பி:
காரணம் அந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. எல்எல்விஎம்பைப் என்பது லினக்ஸின் கிராபிக்ஸ் நூலகமான மெசாவின் மென்பொருள் ரெண்டரர். கிராபிக்ஸ் கார்டைத் தொடாமல் ஒவ்வொரு புள்ளியையும் சிபியுவே கணக்கிட்டு வரையும். விசிறி அலறியது அதனால்தான். ஆனால் எந்த வன்பொருளையும் நம்பியிராததால் 4.5 வரை எல்லாவற்றையும் தன்னால் செய்ய முடியும் என்று சொல்லிக்கொள்ளும்.

முடுக்கத்தை இயக்கினால் உபுண்டுவுக்கு ஒரு போலி கார்டு (அந்த எஸ்விஜிஏ3டி) கிடைக்கிறது. அதற்கு வரும் கட்டளைகளை விர்ச்சுவல்பாக்ஸ் 7 விண்டோஸ் பக்கம் அதன் சொந்த கிராபிக்ஸ் கட்டளைத் தொகுதியான டைரக்ட்எக்ஸ் 11-க்கு மாற்றி, நிஜக் கார்டுக்கு அனுப்புகிறது. வேகம் அங்கிருந்து வருகிறது. ஆனால் அந்தப் போலி கார்டு 4.1-ஐத் தாண்டுவதில்லை. பிளெண்டரோ 2023 நவம்பரில் வந்த 4.0 முதல் லினக்ஸிலும் விண்டோஸிலும் குறைந்தது 4.3 கேட்கிறது. உங்கள் அமைப்பில் பிசகு எதுவும் இல்லை.

முடுக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு பிளெண்டரை மட்டும் மென்பொருள் ரெண்டரரில் திறக்கலாம். லிப்ஜிஎல்_ஆல்வேஸ்_சாஃப்ட்வேர் என்ற சூழல் மாறியை ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடிக்கோடுகளோடு அடித்து, அதற்கு 1 என்று மதிப்புக் கொடுத்து, அதே வரியில் பிளெண்டரை அழையுங்கள். மாதிரியைச் சுழற்றிப் பார்ப்பது மெதுவாகத்தான் இருக்கும், பிளெண்டரின் வேகமான ரெண்டரரான ஈவீ மிகவும் சிரமப்படும். அதன் இன்னொரு ரெண்டரரான சைக்கிள்ஸில் இறுதி ரெண்டர் விஎம்முக்குள் எப்படியும் சிபியுவில்தான் ஓடும் என்பதால் அதில் பெரிய இழப்பு இல்லை.

பென்குயின்_பாசிர்ரிஸ்:
கிராபிக்ஸ் கார்டையே விஎம்முக்குக் கொடுத்துவிடும் பாஸ்த்ரூ முறை இருக்கிறதே, அது போதாதா?

ஜூரோங்அக்கா:
தம்பி, விண்டோஸ் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்துக்கொண்டு அது ஆகாது. லினக்ஸே ஹோஸ்டாக (கணினியின் அடிப்படை இயங்குதளமாக) இருந்து, லினக்ஸின் விஎம் வசதியான கேவிஎம்மும் இரண்டாவது கார்டும் இருந்தால் யோசிக்கலாம்.

வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தால் நான் சொல்வது வேறு வழி. அதில் லினக்ஸைப் போட்டு, விஎம்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரில் வீடியோவை விர்ட்டியோ என்று வைத்து 3டி முடுக்கத்தை டிக் செய்யுங்கள். விஎம்மின் திரையைக் காட்டும் ஸ்பைஸ் டிஸ்ப்ளேயில் 'லிசன்' வகையை 'நன்' ஆக்கி ஓப்பன்ஜிஎல்லையும் டிக் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது டிக்கைப் பலர் கவனிப்பதில்லை, அது இல்லாமல் விஎம் கிளம்பவே கிளம்பாது. உள்ளே, ஓப்பன்ஜிஎல் கட்டளைகளை நிஜக் கார்டுக்கு அனுப்பும் விர்ஜிஎல் ஓடும். இன்டெல், ஏஎம்டி கார்டுகளில் 4.3 கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நினைவகம் போதாவிட்டால் கணினிக் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு நடை பார்த்துவிடலாம்.

ஆனால் உங்கள் மகளுக்காகச் சொல்கிறேன்: பிளெண்டரை விண்டோஸிலேயே நேரடியாக நிறுவிக் கொடுங்கள். அதுவும் அதே திறந்த மூல மென்பொருள்தான், கோப்புகளும் அதேதான். பகிர்வுக் கோப்புறை வைத்தால் உபுண்டுவிலிருந்தும் எடுக்கலாம், அதற்கு விர்ச்சுவல்பாக்ஸின் துணைத் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் வேண்டும். ஒப்படைக்கும் தேதி வைத்திருக்கும் பிள்ளையை மெதுவான திரையோடு போராட விடாதீர்கள்.

உட்லண்ட்ஸ்அப்பா:
நன்றி அக்கா, நன்றி தம்பி. பிளெண்டரை விண்டோஸில் போட்டுவிட்டேன், உடனே திறந்தது. சூழல் மாறி வழியையும் சோதித்தேன், உபுண்டுவிலும் திறக்கிறது. இன்னொன்று: விஎம் ஜன்னலின் கீழ் மூலையில் பச்சை ஆமை ஒன்று தெரிகிறது. அது என்ன?

தேக்காதம்பி:
விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே ஓடுகிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி ஓடுகிறது என்று அர்த்தம். அதனால் சிபியு வேகம் குறையலாம், ஓப்பன்ஜிஎல் பதிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் பாதுகாப்பு அமைப்பின் கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்தினால் சில கணினிகளில் ஆமை போய்விடும். ஆனால் அது பாதுகாப்புக்கான வசதி. மகள் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 பயன்படுத்தினால் அதற்கும் ஹைப்பர்-வி தேவை. இப்போது வேகம் போதும் என்றால் ஆமையை அப்படியே விடுங்கள் அண்ணே.

உட்லண்ட்ஸ்அப்பா:
சரி, விட்டுவிடுகிறேன். பழைய டெஸ்க்டாப்பில் இன்டெல் கார்டுதான். விடுமுறையில் அக்கா சொன்னபடி போட்டுப் பார்த்து, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ன பதிப்பைக் காட்டுகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.