32 ஃபுட் இருக்கும் பெட்டி வாங்கினேன், தைப்பதென்னவோ ஒரே ஃபுட்டில்தான்

நூல்சிக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். தையல் மெஷினில் உட்கார ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. நேர்த்தையல், ஜிக்ஜாக், மெஷின் தானே போடும் காஜா. இந்த மூன்றை வைத்துக்கொண்டே தலையணை உறை, பை, நைட்டி, ஸ்கர்ட் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஆசை தாங்காமல் 32 ஃபுட் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) அடங்கிய ஒரு செட் வாங்கிவிட்டேன். பெட்டியைத் திறந்தால் பல் டாக்டரின் தட்டு மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி, மூடியின் உட்புறம் பொடி எழுத்தில் பெயர், அவ்வளவுதான். எதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வரிகூட இல்லை.

முதலில் எடுத்தது ஓவர்காஸ்ட் ஃபுட். நடுவில் ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்குமே, அது. துணி ஓரம் பிசிறாமல் இருக்க ஜிக்ஜாக் அடிக்கலாம் என்று மாட்டி, அகலம் 3-ல் வைத்துப் பெடலை மிதித்தேன். நாலாவது தையலில் 'டக்'. ஊசி இரண்டு துண்டு. முனை எங்கே போனதென்று காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் தேடினேன். கடைசியில் அது என் மடியிலேயே கிடந்தது.

அடுத்து ரோல் ஹெம் ஃபுட். முன்னால் நத்தை ஓடு மாதிரி சுருள் இருப்பது. ஒரு ஷிபான் ஸ்கார்ஃபுக்கு நாலு பக்கமும் மெல்லியதாக மடித்து அடிக்க ஆசை. முதல் இரண்டு இன்ச் கந்தல். அப்புறம் ஒரு சாண் நீளத்துக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், கடையில் வாங்கியது போல வந்தது. 'அட!' என்று சந்தோஷப்பட்ட அதே நொடியில் துணி சுருளிலிருந்து நழுவி, மடிப்பே இல்லாமல் வெறும் தையல் மட்டும் ஓடியது. பிரித்துவிட்டு மறுபடி, மறுபடி. நாலு தடவை ஊசி ஏறி இறங்கியதில் ஷிபான் ஓரம் சல்லடையாகிவிட்டது.

கேட்க வேண்டியது இதுதான். 32-ல் எதை முதலில் பழகுவது? ரோல் ஹெம்மை எப்படி ஆரம்பிப்பது? இன்னொன்று, பெட்டியில் வாக்கிங் ஃபுட் என்று யானைக்குட்டி மாதிரி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

காஜாக்காரி:

தங்கச்சி, முதலில் பெட்டியை மூடி வையுங்கள். 32-ஐயும் ஒன்றாகப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். நான் 20 வருஷத்துக்கு மேல் தைக்கிறேன், கைக்கு அடிக்கடி வருவது ஆறோ ஏழோதான். மற்றதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து காற்று வாங்கிவிட்டு உள்ளே போகும்.

எனக்கு யாரும் சொல்லித்தராமல் ரொம்ப நாள் கழித்துத் தெரிந்த ஒரு விஷயம்: ஃபுட்டை மேலிருந்து பார்க்காதீர்கள், கழற்றி மல்லாத்திப் பாருங்கள். அது செய்யும் வேலை முழுக்க அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. சாட்டின் ஃபுட்டைத் திருப்பினால் அகலமாக ஒரு பள்ளம் தெரியும். நெருக்கமான ஜிக்ஜாக் தையல் மேடாக எழும்பும் அல்லவா, அது மாட்டிக்கொள்ளாமல் பின்னால் போக அந்த வழி. சாதாரண ஃபுட்டில் அடி தட்டையாக இருப்பதால்தான் சாட்டின் தையல் ஒரே இடத்தில் குவிந்து நின்றுவிடுகிறது. பைப்பிங் ஃபுட்டில் கயிறு ஓடுவதற்கு உருண்டையான பள்ளம் இருக்கும். இன்விசிபிள் ஜிப் ஃபுட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குறுகிய பள்ளம் இருக்கும். ஜிப்பின் பல்வரிசை அதற்குள் நிமிர்ந்து நிற்க, ஊசி அதன் அடியை ஒட்டி இறங்கும். அதனால்தான் ஜிப்பைத் திறந்து, மிதமான சூட்டில் அயர்ன் செய்து, சுருண்டிருக்கும் பல்லை விரித்துவிட்டுத் தைக்கச் சொல்வார்கள். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. திருப்பிப் பார்த்தால் அதுவே சொல்லும்.

உங்கள் ஊசி உடைந்தது ஃபுட்டின் தப்பு இல்லை. அந்தக் கம்பி துணியின் ஓரத்தோடு ஓட வேண்டும். நூல் அதன் மேல் சுற்றி விழுவதால்தான் ஓரம் சுருங்காமல் தட்டையாக நிற்கிறது. ஊசி கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்றால் ஜிக்ஜாக் அகலம் 5-க்குக் குறையக் கூடாது. 3-ல் வைத்தால் நேராகக் கம்பி தலையில்தான் விழும். ஒரு ஃபுட் மாற்றினாலும், ஒரு தையல் மாற்றினாலும், பெடலைத் தொடுவதற்கு முன் வீலைக் கையால் உங்கள் பக்கமாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஊசி இடதும் வலதும் எதிலும் உரசாமல் இறங்கினால் மட்டும் மிதியுங்கள். அந்தக் கம்பி வளைந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது ரோல் ஹெம். ஸ்கார்ஃபை ஓரமாக வைத்துவிட்டு மெல்லிய காட்டனில் பழகுங்கள். ஷிபானில் ஆரம்பிப்பது நீச்சல் தெரியாமல் நடுக்கிணற்றில் குதிப்பது. துணியின் உள்பக்கம் மேலே இருக்க வேண்டும், சுருள் ஓரத்தை மேல்நோக்கித்தான் உருட்டும். துணி ஆரம்பிக்கும் இடத்தில் ஓர் அரை இன்ச் நீளத்துக்கு நீங்களே கையால் இரண்டு மடிப்பு மடித்து நகத்தால் நீவுங்கள். அதை ஃபுட்டின் அடியில் வைத்து மூன்று நாலு தையல் போட்டு, ஊசி துணிக்குள் இருக்கும்போதே நிறுத்துங்கள். ஃபுட்டைத் தூக்கி, முன்னால் மிச்சமிருக்கும் ஓரத்தைச் சுருளுக்குள் நுழையுங்கள். நுழையவில்லை என்றால் குண்டூசி முனையால் லேசாகத் தள்ளலாம். ஃபுட்டை இறக்கி, மெதுவாக மிதியுங்கள்.

அதற்குப் பிறகு கண் ஊசியில் இருக்கவே கூடாது. சுருளின் வாயை மட்டும் பாருங்கள். நீங்கள் 'அட!' என்று சந்தோஷப்பட்டபோது ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். ஃபுட்டுக்கு இரண்டு இன்ச் முன்னால் துணியை இரண்டு விரலில் பிடித்து லேசாகத் தூக்கிக்கொள்ளுங்கள். மடிப்பு மெலிந்து வெட்டிய ஓரம் வெளியே தெரிந்தால் துணி போதவில்லை என்று அர்த்தம், கையை ஒரு நூல் அளவு வலது பக்கம் நகர்த்துங்கள். சுருள் அடைத்துக்கொண்டு உப்பினால் இடது பக்கம். அந்த ஒரு நூல் அளவுதான் வித்தை. அது எழுத்தில் வராது, ஒரு மீட்டர் துணியைப் பாழாக்கினால் வரும்.

மிதிமெஷின்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். செட் வாங்கும் முன் ஷாங்க், அதாவது ஃபுட் மாட்டும் தண்டின் உயரம், பார்த்தீர்களா? ஃபுட்டை இறக்கிவிட்டு, அது மாட்டியிருக்கும் ஸ்க்ரூவின் நடுவிலிருந்து அடித்தகடு வரை ஸ்கேல் வைத்து அளங்கள். முக்கால் இன்ச் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் லோ ஷாங்க். ஒரு இன்ச்சைத் தாண்டினால் ஹை ஷாங்க். இந்தப் பெட்டி செட்டுகளில் பெரும்பாலானவை லோ ஷாங்க் மெஷினுக்கானவை. 'எல்லா மெஷினுக்கும் பொருந்தும்' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி, ஹை ஷாங்க் மெஷின் வைத்துக்கொண்டு ஒரு செட் வாங்கி அசடு வழிந்தவன் நான்.

என்னிடம் இன்னொரு பழைய கறுப்பு மெஷின் இருக்கிறது. நேர்த்தையல் மட்டும்தான், ஊசி இடம் வலம் ஆடாது. ஓவர்காஸ்ட், சாட்டின் எல்லாம் அதற்கு வீண். ஆனால் ஹெம் ஃபுட்டும், துணியைக் கொசுவி ஃப்ரில் ஆக்கும் ரஃப்ளரும் அதில் பிரமாதமாக ஓடும். இந்தச் சாமான்கள் ஒன்றும் புதுசு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கர் மெஷினோடு வந்த மடக்கு மரப்பெட்டியில் 1889 காப்புரிமைத் தேதி பொறித்திருக்கும். அதற்குள்ளேயே ரஃப்ளர், டக் என்னும் சின்ன மடிப்பு போடுவது, விதவிதமான ஹெம்மர் எல்லாம் உட்கார்ந்திருக்கும்.

ரஃப்ளர் உங்கள் செட்டில் இருந்தால் ஃப்ரில்லுக்கு அதைப் பழகுங்கள். அதன் கவட்டை ஊசியை இறுக்கும் ஸ்க்ரூ மேல் உட்கார வேண்டும். ஊசி ஏறி இறங்குவதுதான் அதை இயக்குகிறது. மேலே 1, 6, 12 என்று இருக்கும். 1 என்றால் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மடிப்பு, 6 என்றால் ஆறு தையலுக்கு ஒன்று, 12 என்றால் பன்னிரண்டுக்கு ஒன்று. நட்சத்திரக் குறி இருந்தால் அதில் மடிப்பே விழாது, சும்மா தைத்துக்கொண்டு போகும். மடிப்பின் ஆழத்துக்குத் தனி ஸ்க்ரூ. எவ்வளவு நீளத் துணி எவ்வளவு ஃப்ரில் ஆகும் என்று கணக்குப் போட்டு மண்டையை உடைக்காதீர்கள். 12 இன்ச் துண்டு ஒன்றை ஓட்டிவிட்டு, வந்ததை அளந்தால் போதும்.

வாக்கிங் ஃபுட்டும் இதே சங்கதிதான். அதன் கவட்டையும் அதே ஸ்க்ரூ மேல்தான் வர வேண்டும். கீழே இருக்கும் பல் அடித்துணியை இழுக்கும்போது மேல்துணி பின்தங்கிவிடுகிறது அல்லவா, இது மேலேயும் ஒரு ஜோடிப் பல்லை வைத்து இரண்டையும் சேர்ந்து நகர்த்துகிறது. பஞ்சு வைத்துத் தைப்பது, கோடு போட்ட துணியைக் கோட்டோடு கோடு சேர்ப்பது, இதற்கெல்லாம் தெய்வம். சத்தம் மட்டும் தடதடவென்று வரும், பயப்பட வேண்டாம். வேகமாக மிதிக்காதீர்கள், ரெவர்ஸையும் தவிர்த்துவிடுங்கள்.

நூல்சிக்கல்:

அண்ணா, அளந்தேன். முக்கால் இன்ச்சேதான், தப்பித்தேன்.

அக்கா, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய வேட்டித் துணியைக் கிழித்து மூன்று நாளாக இதே வேலை. முதல் நாள் எட்டுத் துண்டும் குப்பை. இரண்டாம் நாள் சுருள் வாயை வெறித்துப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் மூன்றாவது துண்டிலிருந்து கைக்கே புரிய ஆரம்பித்தது. துணி உள்ளே போகும்போது விரலில் ஒரு மெல்லிய இழுப்பு தெரிகிறது. அது தளர்ந்தால் அடுத்த நொடி நழுவப்போகிறது என்று அர்த்தம். நான் பார்ப்பதற்கு முன்னாலேயே கை வலது பக்கம் போய்விடுகிறது.

இப்போது இரண்டு இடத்தில் மாட்டுகிறேன். ஒன்று, மூலை. முதல் பக்கம் முடித்து அடுத்த பக்கம் ஆரம்பித்தால் அந்தத் தடித்த முனை சுருளுக்குள் போகவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று, ஸ்கர்ட்டில் பக்கத் தையல் குறுக்கே வரும் இடம்.

காஜாக்காரி:

விரலில் இழுப்பு தெரிகிறது என்றீர்களே, இனிமேல் உங்களுக்கு நான் தேவையில்லை.

மூலைக்கு: முதல் பக்கம் முடிந்ததும் நூலை ஒட்ட வெட்டாமல் ஒரு ஜாண் விட்டு வெட்டுங்கள். அடுத்த பக்கத்து முனையில் அந்தத் தடிப்பைக் கடுகளவு சாய்வாகக் கத்தரியுங்கள். இரண்டு தையல் போட்டு, அந்த நூல் வாலைப் பின்னாலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டே மிதியுங்கள். பல்லுக்குப் பிடிக்கத் துணி இல்லாததால்தான் முனையில் திணறுகிறது, அந்த வேலையை நூல் பார்த்துக்கொள்ளும். ஷிபானில் அப்போதும் கஷ்டம் என்றால் கஞ்சி ஸ்ப்ரே அடித்து, அயர்ன் செய்துவிட்டு உட்காருங்கள்.

பக்கத் தையலுக்கு: ஓரத்திலிருந்து ஓர் இன்ச் உயரம் வரை தையலுக்கு உள்ளே விட்ட துணியைப் பாதியாக ஒட்ட வெட்டி, ஒரே பக்கமாகச் சாய்த்து நன்றாக அயர்ன் செய்யுங்கள். அப்படியும் போகாத தடிப்பு என்றால் அடம் பிடிக்காதீர்கள். ஊசியை இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கித் துணியைச் சுருளிலிருந்து வெளியே எடுத்து, அந்த அரை இன்ச்சைக் கையால் மடித்துத் தைத்துத் தாண்டுங்கள். தாண்டிய பிறகு திரும்ப நுழைக்கலாம். குடை மாதிரி நன்றாக வளைந்த ஓரத்துக்கு இந்த ஃபுட்டே வேண்டாம். நானும் அதில் தோற்றவள்தான், சாதாரண ஃபுட்டில் இரண்டு தடவையாக மடித்து அடித்துவிடுவேன்.

நூல்சிக்கல்:

ஸ்கார்ஃப் முடிந்தது. சல்லடையான ஓரத்தை நாலு பக்கமும் வெட்டியதில் ஒரு இன்ச் சின்னதாகிவிட்டது. மூன்று மூலை நூல் வால் வைத்து வந்தது, நாலாவதைக் கையால்தான் தைத்தேன், மறைக்கவில்லை.

அப்புறம் அந்த ஓவர்காஸ்ட் ஃபுட்டைத் திருப்பிப் பார்த்தேன். கம்பி நிஜமாகவே வளைந்திருக்கிறது, அன்றைக்கு ஊசி அதன் மேல் விழுந்த இடத்தில் பொட்டு வைத்த மாதிரி ஒரு தழும்பு. 5-ல் வைத்து வீலைக் கையால் சுற்றினாலும் உரசுகிறது. எடுத்துப் போட்டுவிட்டேன். பெட்டியில் இப்போது 31. அடுத்து ரஃப்ளரைக் கையில் எடுத்திருக்கிறேன், கவட்டை எந்த ஸ்க்ரூ என்று மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு.