மறு: லிங்கேஜ் டிராக் - தமிழில் என்ன சொல்லலாம்?

> "பிணைப்பு இழுவை" என்றே வைத்துவிடலாமே. பொருள் நேராகத்தானே இருக்கிறது.

அண்ணா, வணக்கம். லிங்கேஜ் டிராக் என்றால், பயிருக்குள் நாம் கொண்டுவரும் நல்ல மரபணுவோடு, அதை ஒட்டியிருக்கும் வேண்டாத மரபணுக்களும் கூடவே வந்து கெடுதல் செய்வதுதானே. 'இழுவை' எனக்கு இறங்கவில்லை. எங்கள் குளச்சல் பக்கம் இழுவை என்றால் விசைப்படகுக்காரர்கள் போடும் மடிவலை. இறாலுக்குப் போட்டால் வேண்டாத குஞ்சுமீனும் சேர்ந்து ஏறும். அந்த வகையில் பொருத்தம்தான். ஆனால் நாம் பெயர் தேடுவது மடிக்கு அல்ல, கூட ஏறி வந்த குஞ்சுமீனுக்கு.

கட்டுரையில் உள்ள புகையிலையையே எடுத்துக்கொள்வோம். பயிராகும் டபாக்கம் இனத்துக்கு 48 குரோமோசோம். தலா 24 உள்ள இரண்டு காட்டு இனங்கள் கலந்து பிறந்தது. அதற்குத் தேமல் வைரஸை எதிர்க்கும் 'என்' மரபணுவை குளூட்டினோசா என்ற இன்னொரு காட்டு இனத்திலிருந்து கொண்டுவந்தார்கள். மரபணு தனியாக வரவில்லை, இருபுறமும் ஒட்டியிருந்த துண்டோடு வந்தது. அந்த அயல் துண்டில் குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) அரிது என்பதால், பிற்கலப்பு (கலப்பினத்தைப் பயிர் இனத்தோடு மறுபடி சேர்ப்பது) திரும்பத் திரும்பச் செய்தும் அது லேசில் கழிவதில்லை. நோய் நின்றது, சரி. சூளையில் பதப்படுத்தும் வகைகளில் விளைச்சலும் இலைத் தரமும் அடிபட்டன.

வாழைக்கன்று இளக்கியவர்களுக்கு இது புதிதல்ல. மட்டிக் கன்றோடு தாய்மூட்டு மண்ணும் வரும், கூன்வண்டும் வரும். என்ன, கிழங்கைச் சீவி நட்டுவிடலாம். குரோமோசோமை அப்படிச் சீவ முடியாது.

முதலில் 'ஒட்டுச்சுமை' என்று எழுதி, நானே அடித்துவிட்டேன். விவசாயிக்கு ஒட்டு என்றால் ஒட்டுமாங்கன்று. இங்கே ரப்பர் வெட்டுகிறவர்களிடம் சொன்னால் ஒட்டுப்பால் என்ன விலை என்பார்கள்!

அதனால் 'பிணைச்சுமை'. பாடப்புத்தகத்திலேயே லிங்கேஜ் 'பிணைப்பு'தான், உறவு விட்டுப்போகாது. பிணை என்றால் ஜாமீன் அல்லவா என்று சென்ற மடலில் அக்கா கேட்டிருந்தார்கள். இருக்கட்டுமே. எவனோ வாங்கிய கடனுக்குப் பிணை நின்றவன் சுமப்பதும் இந்த மாதிரிச் சுமைதானே.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன்: "குளூட்டினோசா துண்டு குறுகக் குறுகப் பிணைச்சுமை இறங்கும்." வாயில் தடுக்கவில்லை. இதே வாக்கியத்தில் 'பிணைப்பு இழுவை'யைப் போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், அண்ணா. என்ன வினைச்சொல் சேர்ப்பீர்கள்? குறையுமா, தளருமா, அறுமா?