மதகடித் திருப்பம்

தெற்குத்தெரு வீடு (குடும்பக் குழு)
2025 ஆகஸ்ட் 13, புதன்

பெரியப்பா, காலை 6.10
அனைவருக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை, 15ஆம் தேதி, காலை 11 மணிக்கு நம் ஊராட்சியின் கிராம சபை கூடுகிறது. வழக்கமான வரவு செலவோடு இந்த முறை ஊர்ப் பாதுகாப்புத் திட்டத்தையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளப் போவதாகவும், எந்த இடத்தில் என்ன ஆபத்து இருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பதைத் தெருவாரியாக எழுதிக் கொடுத்தால் தீர்மானத்தில் சேர்ப்பதாகவும் ஊராட்சிச் செயலர் நேற்று மாலை டீக்கடையில் என்னிடம் சொன்னார். தெற்குத்தெருவின் மனுவை நான் எழுதுகிறேன். உங்கள் கருத்துகளை இன்று இரவுக்குள் இங்கே எழுதுங்கள். குழுவின் விதி நினைவிருக்கட்டும்: முழு வாக்கியம், பிழையில்லாத தமிழ், குரல் செய்தி கூடாது.

பாபு, 6.48
சரி பெரியப்பா.

பெரியப்பா, 6.49
இது முழு வாக்கியம் அன்று.

பாபு, 6.50
தாங்கள் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன், பெரியப்பா.

கோபி அண்ணன் (சிங்கப்பூர்), 7.05
அப்பா, தெருவின் நான்கு முனைகளிலும் கேமரா வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். போன மாதம் சித்தப்பாவின் போர்செட்டில் மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போனார்களே, கேமரா இருந்திருந்தால் ஆளைப் பிடித்திருக்கலாம்.

செல்வம் சித்தப்பா, 7.11
போர்செட் வயலில் இருக்கிறது, தெருமுனையில் இல்லை.

மலர் அண்ணி, 7.20
தெற்கு முனை என்றால் அது படித்துறைக்கு நேர் எதிரே வரும். பெண்கள் குளிக்கிற இடத்தை நோக்கிக் கேமராவை வைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சொல்லக் கூடாது. பதிவாகிற படம் யார் வீட்டில் இருக்கும், அதை யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் முதலில் எழுதிவைக்க வேண்டும்.

கோபி அண்ணன், 7.22
நான் அப்படி யோசிக்கவில்லை.

மலர் அண்ணி, 7.22
தெரியும்.

நான், 7.40
பெரியப்பா, பேருந்து நிறுத்தத்து விளக்கு எரியாமல் இரண்டு மாதம் ஆகிறது. மன்னார்குடியிலிருந்து வரும் கடைசிப் பேருந்தில் இறங்கினால், வீடு வரைக்கும் கைப்பேசி வெளிச்சத்தில்தான் நடந்து வருகிறேன். கேமராவுக்கு முன்னால் விளக்கைக் கேளுங்கள். இருட்டில் கேமராவுக்கும் கண் தெரியாது.

ராணி அத்தை, 7.52
[குரல் செய்தி, 2 நிமிடம் 14 வினாடி]

பெரியப்பா, 7.53
ராணி.

மலர் அண்ணி, 8.01
அத்தை சொல்வதை நான் எழுதிவிடுகிறேன், மாமா. நிறுத்தத்துக்கும் நம் தெருவுக்கும் நடுவில் வரப்பை ஒட்டிய அந்த நூறு அடியில் சாயங்காலம் விரியன் படுத்திருக்கிறதாம். போன குறுவை அறுப்பின்போது அறுப்பாள் ஒருவரைக் கடித்ததையும், 108 வருவதற்குள் எல்லாரும் பட்ட பாட்டையும் சொல்கிறார்கள். பிறகு, வெள்ளிக்கிழமைக் கூழுக்குக் கேழ்வரகு மாவு யார் வாங்குவது என்று கேட்கிறார்கள். கடைசி அரை நிமிடம் முழுக்க மாவுதான்.

பெரியப்பா, 8.30
மாவைப் பிறகு பார்ப்போம். மனு சரியான வாசலுக்குப் போக வேண்டுமென்றால் எது யாருடையது என்பது தெளிவாக இருக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தெருவிளக்கு, ஊராட்சிச் சாலை, வடிகால் ஆகியவை கிராம ஊராட்சியின் கடமை. அவற்றைக் கேட்பதற்கு நாம் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தலைக்கு மேலே போகிற கம்பி மின்வாரியத்துடையது, வாய்க்கால் கரை நீர்வளத் துறையுடையது, பேருந்து போகிற சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. இந்த மூன்றிலும் கிராம சபையால் தீர்மானம் போட்டு அனுப்பத்தான் முடியும், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே போய்விட முடியாது. இதைப் பிரிக்காமல் ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதினால், ஒவ்வொரு அலுவலகமும் அது தன்னுடையது இல்லை என்று அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கும். எனவே நான்கு தாளில் எழுதுகிறேன்.

ராணி அத்தை, 8.41
தலைவரே இல்லாத ஊராட்சியில் நான்கு தாளை யாரிடம் கொடுப்பது, அண்ணே?

பெரியப்பா, 8.47
நல்ல கேள்வி. நம் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் இந்த ஆண்டு ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். வார்டு உறுப்பினரைத் திண்ணையில் உட்கார்த்தி வைத்துக் கேள்வி கேட்கிற வசதி இப்போது நமக்கு இல்லை. தீர்மானப் பதிவேட்டில் என்ன ஏறுகிறதோ அதுதான் மிஞ்சும். ஆகவேதான் இந்த முறை எழுத்து முக்கியம் என்கிறேன்.

பாபு, 9.05
பெரியப்பா, மதகடித் திருப்பத்தை முதல் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்ததிலிருந்து வாய்க்கால் கரை மட்டத்துக்கு ஓடுகிறது. ஜனவரி 28இல் அணையை மூடும்வரை இப்படித்தான் இருக்கும். மதகின் கைப்பிடிச் சுவர் கஜா புயலில் மரம் விழுந்து உடைந்தது, 2018 நவம்பரோடு சரி. இந்தக் கோடையில்கூட இரண்டு பேர் வண்டியோடு உள்ளே போனார்கள். தண்ணீர் இல்லாததால் பிழைத்தார்கள்.

நான், 9.07
இரண்டாமவர் நீதான்.

பாபு, 9.07
பெயர் தேவையில்லை.

பெரியப்பா, 9.25
சுவர் உடைந்தது பாதிக் காரணம். மீதிப் பாதியை யாரும் எழுத மாட்டீர்கள் என்பதால் நானே எழுதுகிறேன். அந்தத் திருப்பத்தில் சாலையின் அகலம் 14 அடி. வைக்கோல் போர் ஒன்றும் மாட்டுக் கொட்டகையின் தாழ்வாரமும் கரைப் பக்கம் ஏறி நிற்பதால் எதிரே டிராக்டர் வந்தால் வண்டிக்காரர் வாய்க்கால் ஓரத்துக்குத்தான் ஒதுங்க வேண்டியிருக்கிறது. பொதுவாகச் சொல்கிறேன், யாரையும் குறிப்பிட்டு அன்று.

செல்வம் சித்தப்பா, 9.31
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

செல்வம் சித்தப்பா, 9.33
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

செல்வம் சித்தப்பா, 9.46
ஊரில் வைக்கோல் போர் ஒன்றுதான் இருக்கிறதா என்று கேட்கவில்லை. பாகம் பிரித்தபோது களத்துமேடு யார் பங்குக்குப் போனது, அதை யார் மனையாக்கி விற்றார்கள், அந்தப் பணத்தில் யார் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினார்கள் என்றும் கேட்கவில்லை. களம் இருந்திருந்தால் வைக்கோல் களத்தில் இருந்திருக்கும். இதையும் உங்கள் நான்கு தாளில் ஏதாவது ஒன்றில் எழுதிக்கொள்ளுங்கள், அண்ணே.

கோபி அண்ணன், 9.58
சித்தப்பா, அந்தக் கடனைத்தான் நான் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ராணி அத்தை, 10.02
கேழ்வரகு மாவு ஐந்து கிலோ போதுமா என்று ஒருவராவது சொல்லுங்கள்.

மலர் அண்ணி, 10.15
ஏழு கிலோ வாங்குங்கள். சின்ன மாமா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது; மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்னும் ஒன்றரை மாதத்தில் குறுவை அறுப்பு வந்துவிடும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள், அதனால் ஊரே சாலையில் கொட்டிக் காயவைக்கும். இரவில் நெல்மேல் தார்ப்பாயை மூடிச் சுற்றிலும் கல்லை வைத்துவிட்டுப் போவார்கள், வண்டிக்காரர் அந்தக் கல்லில் ஏறி விழுவார். சாலையில் நெல் காயவைக்கக் கூடாது என்று மட்டும் எழுதினால் அது நம்மை நாமே அடித்துக்கொள்வது போல. ஊராட்சி நிலத்தில் ஓர் உலர்களம் வேண்டும் என்பதையும் பாதுகாப்புக் கோரிக்கையாகவே கேட்க வேண்டும்.

செல்வம் சித்தப்பா, 10.19
மலர் சொல்வது சரி.

பெரியப்பா, 10.40
உலர்களத்தை ஊராட்சிக்கான தாளில் விளக்குக்கு அடுத்ததாகச் சேர்த்துவிட்டேன். களத்துமேட்டைப் பற்றி நேரில் பேசுவோம், தம்பி. அதை எழுத்தில் கொண்டுவர வேண்டாம்.

பாபு, 11.10
எல்லாவற்றையும் விட அவசரமான ஒன்றை யாருமே பேசவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி ஆடி வெள்ளி. இரவு சப்பரம் நம் தெரு வழியாகத்தான் வருகிறது. இந்த ஆண்டு உச்சியில் சீரியல் பல்பு வைத்து இரண்டு அடி உயர்த்தியிருக்கிறார்கள். நம் தெருச் சாலையைப் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு ஓர் அடிக்கு மேல் ஏற்றிவைத்திருக்கிறார்கள். சப்பரம் ஏறியது, சாலை ஏறியது, கம்பி மட்டும் தொய்ந்து கீழே வந்திருக்கிறது.

பெரியப்பா, 11.32
பாபு எழுதியதை எல்லாரும் இன்னொரு முறை படியுங்கள். 2022 ஏப்ரல் 27 விடியற்காலை தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதயத் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். நம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாத இடம். மறுநாள் நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். குடியிருப்புப் பகுதிகளில் பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். நம் தெருவுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலும். கிராம சபை காலை 11 மணிக்கு, சப்பரம் இரவு 9 மணிக்கு. தீர்மானம் போட்டு அனுப்பி, பதில் வந்து, கம்பியை ஏற்றுவதற்கு அந்தப் பத்து மணி நேரம் எங்கே போதும்? எனவே இந்த ஒன்றை மட்டும் சபைக்குக் காத்திருக்க வைக்கக் கூடாது. சப்பரம் தெருவைக் கடக்கும்வரை மின்சாரத்தை நிறுத்திவைக்கும்படி மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு இன்றே கடிதம் போக வேண்டும். உச்சியில் ஏற்றிய இரண்டு அடியையும் கழற்ற வேண்டும்.

ராணி அத்தை, 11.40
சப்பரக் கமிட்டியில் இருப்பது செல்வம்தானே.

செல்வம் சித்தப்பா, 11.55
இரண்டு அடியை ஏற்றியது நான் இல்லை, இளைஞர்கள். ஆனால் கடிதத்தை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதை யார் தருவார்கள்?

கோபி அண்ணன், 11.56
நான் தருகிறேன். கேமராப் பணம் அப்படியேதான் இருக்கிறது.

மலர் அண்ணி, 12.05
இதுவரை இந்தக் குழுவில் நடந்த ஒரே முடிவு.

பெரியப்பா, 12.20
இனி ஆள்கணக்கு. நம் ஊராட்சியின் மக்கள்தொகை 501க்கும் 3000க்கும் இடையில் வருவதால் குறைவெண், அதாவது குறைந்தது வர வேண்டியவர்களின் எண்ணிக்கை, 100. அது சேராவிட்டால் கூட்டமே செல்லாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர்தான். யாரும் அழைத்து வரவேண்டியதில்லை. ஆனால் அன்று காலை பெண்கள் அத்தனை பேரும் கோயிலில் கூழ் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள், ஆண்கள் பந்தல் கட்டிக்கொண்டிருப்பார்கள். போன மே 1 கூட்டத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துக்காகப் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுவந்ததும் எனக்குத் தெரியும். அப்படிக் கையெழுத்து வாங்கிய தீர்மானத்தில் நம் மதகு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ராணி அத்தை, 12.31
கூழை ஒன்பது மணிக்கே ஊற்றி முடித்துவிட்டுப் பாத்திரத்தோடு வந்து உட்காருகிறோம், அண்ணே. மேலத்தெருப் பெண்களிடம் நான் பேசுகிறேன். ஒன்றை மட்டும் உங்கள் தாளில் எழுதுங்கள். கஜா அடித்த இரவு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம், பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வெளியூரில் இருந்தார். மழையில் நனைந்துகொண்டு நம் அம்மாவை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றது எனக்குத்தான் தெரியும். 1070க்கும் 1077க்கும் போன் செய்யலாம் என்கிறார்கள். அன்று கைப்பேசிக் கோபுரமே சாய்ந்துவிட்டது, எந்த எண்ணுக்கும் போகவில்லை. ஒரு சாவி பள்ளிக்கூடத்துக்கு அருகிலேயே, இரவில் ஊரில் தங்குகிற ஒருவரிடம் இருக்க வேண்டும். இதற்குப் பணமே தேவையில்லை.

பெரியப்பா, 12.44
ராணி, நீ முழு வாக்கியத்தில் எழுதியிருக்கிறாய்.

ராணி அத்தை, 12.45
மலரிடம் சொல்லி எழுதவைத்தேன்.

செல்வம் சித்தப்பா, மாலை 5.20
கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். லைன்மேன் நாளை வந்து பார்ப்பதாகச் சொன்னார். இளைஞர்கள் இரண்டு அடியில் ஒரு அடியைக் குறைக்கிறார்களாம்.

பாபு, 5.24
ஒரு அடி போதாது, அப்பா.

செல்வம் சித்தப்பா, 5.25
நாளை பேசுகிறேன்.

பெரியப்பா, இரவு 8.15
நான்கு தாளும் தயார். மதகடிக்கு நான் எழுதியிருப்பது: கைப்பிடிச் சுவர், ஒளிரும் தகடு, சாலையை முழு அகலத்துக்கு மீட்டல். மூன்றாவதைப் பற்றித் தம்பியின் கருத்து இன்னும் வரவில்லை.

செல்வம் சித்தப்பா, 8.31
14 அடி என்பது நீங்களாகச் சொல்கிற கணக்கு. இப்போதும் அங்கே 14 அடி இருக்கிறது. வேண்டுமானால் அளந்து பார்க்கட்டும்.

பாபு, 9.10
டார்ச்சை வைத்துக்கொண்டு அளந்தேன். போருக்கும் கரைக்கும் நடுவில் 10 அடி 4 அங்குலம். போரைச் சேர்த்து அளந்தால் 14 அடி 1 அங்குலம்.

செல்வம் சித்தப்பா, 9.26
அந்த நாடா பழையது.

பெரியப்பா, 9.27
அந்த நாடா நம் அப்பாவுடையது.

செல்வம் சித்தப்பா, 9.50
மூன்றாவது வரியில் 'அறுப்புக்குப் பின்' என்று சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன். தாழ்வாரத்தைப் பற்றி இப்போது எதுவும் எழுத வேண்டாம்.

ராணி அத்தை, 9.52
[குரல் செய்தி, 0 நிமிடம் 41 வினாடி]

பெரியப்பா, 9.53
ராணி.

மலர் அண்ணி, 9.58
மாவு இன்னும் வாங்கவில்லையாம், மாமா.