38 நாள் ஆச்சு, நைட்ரைட் ஊதா மாறவே மாட்டேங்குது. உதவி தேவை

குப்பிமீன்
புது மீன் டேங்க், மீன் இல்லாம சைக்கிள் ஓட்டிட்டிருக்கேன் (அமோனியா போட்டு, அதை நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியாவை வளர்க்கிறது). முதல்ல அமோனியா 24 மணி நேரத்துல காணாமப் போச்சு. இப்போ ஒரு வாரமா 2-லயே நிக்குது. நைட்ரைட் மூணு வாரமா அதே கரு ஊதா. நைட்ரேட் 160 காட்டுது, அப்போ சைக்கிள் முடிஞ்ச மாதிரிதானே? சீக்கிரம் சொல்லுங்க, சனிக்கிழமை மீன் வாங்கப் போறேன்.

வடிகட்டிவாசி
எத்தனை லிட்டர்? பி.எச்., கே.எச். (அமிலத்தைத் தாங்குற காரத்தன்மை) எவ்வளவு? வெப்பநிலை? அமோனியா எதுலேர்ந்து போடுறீங்க, ஒரு தடவைக்கு எவ்வளவு, இதுவரை எத்தனை தடவை? எல்லாம் சொன்னாத்தான் பதில் வரும்.

காற்றுக்குமிழி
ஆக்ஸிஜன் பத்தல. ஒரு ஏர் ஸ்டோன் போடுங்க, ரெண்டு நாள்ல சரியாகும்.

பழையகுளம்
இதே கேள்விக்கு இங்க எத்தனை தடவை பதில் எழுதியாச்சு. தேடல் பெட்டின்னு ஒண்ணு மேலே இருக்கு. தண்ணியோட பி.எச். கூடப் பார்க்காம மீன் வளர்க்கக் கிளம்பினா இப்படித்தான்.

குப்பிமீன்
60 லிட்டர். அமோனியம் குளோரைடு பொடி, தினமும் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மி.கி.) வர்ற அளவு. 12 தடவை ஒழுங்கா இறங்கிச்சு, 13-வது நின்னுடுச்சு. பி.எச். 6.0. கே.எச். பார்த்ததில்ல, கிட் பெட்டியில இருக்கு.

சொட்டுக்கணக்கு
கிட்ல இருக்கிற பி.எச். நிற அட்டையோட கடைசிக் கட்டமே 6.0. அதுக்குக் கீழே எதுவா இருந்தாலும் அதே மஞ்சள்தான் வரும். நைட்ரைட் அட்டை 5-ல முடியுது. அங்கே 6 இருந்தாலும் 60 இருந்தாலும் ஒரே ஊதா. மூணு வாரமா மாறாதது தண்ணியா, அட்டையான்னு இன்னும் தெரியல.

நைட்ரேட் 160-ஐ நம்பாதீங்க. அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்தித்தான் நிறம் காட்டுது. தண்ணியில ஏற்கெனவே நைட்ரைட் நிறைய இருந்தா அதையும் சேர்த்து எண்ணிடும்.

இப்போ ரெண்டு வேலை. முதல்ல கே.எச்.: டேங்க் தண்ணியில ஒண்ணு, குழாய்த் தண்ணியில ஒண்ணு, தனித்தனியா. எத்தனையாவது சொட்டுல மஞ்சள் ஆகுதோ அதுதான் கே.எச். அப்புறம் டேங்க் தண்ணி 1 மி.லி., டிஸ்டில்டு வாட்டர் 19 மி.லி. கலந்து, அதுலேர்ந்து 5 மி.லி. எடுத்து நைட்ரைட் பாருங்க. வர்றதை 20-ஆல் பெருக்குங்க.

பாசிராஜா
இவ்வளவு எதுக்கு? பாட்டில் பாக்டீரியா ஒண்ணு வாங்கி ஊத்துங்க, முடிஞ்சுது.

வடிகட்டிவாசி
பி.எச். 6-ல பழைய பாக்டீரியாவே வேலையை நிறுத்திடுச்சு. புதுசா ஊத்துறது மட்டும் என்ன செய்யும்? அதுவும் உலர்ந்த பொடியா வர்றதுல நைட்ரிஃபையிங் பாக்டீரியா இருக்காது. அது விதை மாதிரி உறங்கிக் கிடக்கிற ஜாதி இல்ல, காய்ஞ்சா போச்சு.

பழையகுளம்
பாட்டில்ல இருக்கிறது நைட்ரோபாக்டர். டேங்க்ல நைட்ரைட்டைத் தின்கிறதும் அதேதான். புத்தகத்துல இருக்கு.

வடிகட்டிவாசி
பழைய புத்தகத்துல இருக்கும். நன்னீர் டேங்க்ல அந்த வேலையைச் செய்யுறது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா வகைன்னு 1998-லயே காட்டிட்டாங்க. அமோனியாவுலேர்ந்து நைட்ரேட் வரைக்கும் ஒத்தையா முடிக்கிற நைட்ரோஸ்பைராவும் இருக்குன்னு 2015-ல தெரிஞ்சுது. அதுல ஒண்ணு மீன் பண்ணை வடிகட்டியிலேர்ந்தே கிடைச்சது.

பழையகுளம்
பெயரை மாத்தினா மீன் பிழைச்சிடுமா?

காற்றுக்குமிழி
ஏர் ஸ்டோன் போட்டீங்களா?

குப்பிமீன்
டேங்க் கே.எச்.: முதல் சொட்டுலயே மஞ்சள். குழாய்த் தண்ணி: 8-வது சொட்டுல மஞ்சள். கலந்து பார்த்த நைட்ரைட் 2.

சொட்டுக்கணக்கு
விடை கிடைச்சாச்சு. 2 பெருக்கல் 20, அதாவது நைட்ரைட் 40.

12 தடவை ரெண்டு ரெண்டா போட்டது மொத்தம் 24 பி.பி.எம். அமோனியா. பொடியா போடும்போது 1 பி.பி.எம். அமோனியா நைட்ரைட்டா மாற ஏறக்குறைய 5.9 பி.பி.எம். காரத்தன்மை செலவாகும். 24-க்கு 141. கே.எச். 1-ன்னா 17.9 பி.பி.எம்., 8-க்கு 143. உங்க காரக் கையிருப்பு 12-வது டோஸோட தீர்ந்துபோச்சு, பி.எச். விழுந்து பாக்டீரியா நின்னுடுச்சு, 13-வது அப்படியே நிக்குது. திரவ அமோனியாவா இருந்தா இதுல பாதிதான் செலவாகியிருக்கும், ஏன்னா அதுவே ஒரு காரம்.

ஒரு நல்ல சேதி. 24 அமோனியா அப்படியே நைட்ரைட்டா நின்னிருந்தா 65 கிட்ட காட்டணும். 40 தான் இருக்கு. மிச்சம் நைட்ரேட்டா போயிருக்கு, அதனால நைட்ரைட்டைத் தின்கிற ரெண்டாவது வகையும் உள்ளே உயிரோடதான் இருக்கு.

செய்ய வேண்டியது: ஹீட்டர், ஃபில்டரை அணைங்க. ஃபில்டர் பஞ்சைக் கழுவாதீங்க, டேங்க் தண்ணியிலயே ஊறட்டும். 80% தண்ணி எடுத்துட்டு, குளோரின் நீக்கி போட்டு அதே சூட்டுல குழாய்த் தண்ணி விடுங்க. உடனே இன்னொரு தடவை 80%. நைட்ரைட் 40-லேர்ந்து 8, அப்புறம் 1.6. இப்போ அட்டைக்குள்ளயே வந்துடும். பாக்டீரியா கல்லுலயும் பஞ்சுலயும் ஒட்டியிருக்கும், தண்ணியோட போகாது.

நைட்ரைட் 0 ஆகும்வரை பொடி போடாதீங்க. ஆனதும் 1 பி.பி.எம்., 60 லிட்டருக்கு 0.19 கிராம். அது முழுசா இறங்கினதும் 2 போட்டு 24 மணி நேரத்துல அமோனியா, நைட்ரைட் ரெண்டும் 0 வந்தா முடிஞ்சுது. சனிக்கிழமையை மறந்துடுங்க.

பாசிராஜா
சமையல் சோடா போட்டா போதாதா?

சொட்டுக்கணக்கு
பி.எச். ஏறும், நைட்ரைட் 40 அப்படியே நிக்கும். குழாய்லயே கே.எச். இல்லாதவங்களுக்குத்தான் சோடா: 100 லிட்டருக்கு 3 கிராம், கே.எச். 1 ஏறும்.

இழையைப் பின்னாடி படிக்கிறவங்களுக்கு: உள்ளே மீன் இருந்தா பி.எச்.-ஐ இப்படி ஒரே தடவையில ஏத்தாதீங்க. 6-ல அமோனியா பெரும்பாலும் விஷமில்லாத அமோனியமா கிடக்கும். 7.8-க்குப் போனா விஷப் பங்கு ஏறக்குறைய 60 மடங்கு ஏறிடும்.

வடிகட்டிவாசி
வெப்பநிலை இன்னும் சொல்லல.

குப்பிமீன்
(9 நாள் கழிச்சு) ரெண்டு தடவை மாத்தினேன். பி.எச். 7.6. நேத்து 2 போட்டேன், இன்னிக்கு ரெண்டும் 0. நன்றி.

காற்றுக்குமிழி
ஏர் ஸ்டோன் போட்டதாலதானே?

சொட்டுக்கணக்கு
நைட்ரேட் எவ்வளவு? இப்போ அந்த அளவை நம்பலாம். நைட்ரேட் சோதனையோட ரெண்டாம் பாட்டிலை 30 விநாடி நல்லாக் குலுக்கிட்டுச் சோதிங்க. 20-க்குக் கீழே இறங்கற வரைக்கும் தண்ணி மாத்திட்டு மீன் விடுங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் விடாதீங்க.

வடிகட்டிவாசி
வெப்பநிலை?