கூர்ச்சுருட்டின் நுனியை எவ்வளவு வெட்டுவது?

கொண்டாவில் பெடியன்:
வணக்கம். பெரியம்மாவின் மகன் கனடாவிலிருந்து கலியாணத்துக்கு வந்தபோது இரண்டு கியூபாச் சுருட்டுத் தந்துவிட்டுப் போனார். மொன்டெக்ரிஸ்டோ நம்பர் 2. அடிப்பக்கம் அகலம், வாயில் வைக்கிற பக்கம் கூராகிக்கொண்டு போகுது. நேற்றுப் பின்னேரம் ஒன்றைப் பத்தவைத்தேன். நுனியில் ஒரு அங்குலம் வெட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேல் இலை அவிழ்ந்து உதட்டில் ஒட்டுது, புகையும் சூடாகக் குபுகுபுவென்று வருது. பாதிக்கு மேல் இழுக்க முடியவில்லை. மற்றதைப் பழுதாக்க விருப்பமில்லை. இந்தக் கூர் எதற்கு?

சுருட்டுக்காரன் மகன்:
தம்பி, ஒரு அங்குலம் கனக்க. கூர் முனையில் ஒரு சின்ன இலைத் துண்டைத் தொப்பி மாதிரிச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். மேல் இலையை அவிழாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். நீங்கள் அதை முழுதாக எடுத்துவிட்டீர்கள்.

அந்தச் சுருட்டு 52 ரிங் கேஜ். ஒரு கேஜ் என்றால் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, ஆகவே அடியில் குறுக்களவு இருபது மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. நீளம் 156 மில்லிமீற்றர். அவ்வளவு புகையும் ஒரு சின்ன வாயால் வரவேண்டும். வாய் எவ்வளவு என்று தீர்மானிக்கிறது உங்கள் கத்தி. நேர்ச்சுருட்டில் இந்த வசதி இல்லை, தொப்பியை எடுத்தால் கிட்டத்தட்ட முழு அகலமும் திறந்துவிடும். கூர்ச்சுருட்டில் முதலில் மூன்று, நான்கு மில்லிமீற்றர் மட்டும் வெட்டுங்கள். பத்தவைக்காமல் இழுத்துப் பாருங்கள். இறுக்கமென்றால் இன்னும் ஒரு துளி வெட்டலாம். வெட்டினதை ஒட்ட ஏலாது.

என் ஐயா கொக்குவிலில் சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர். ஒருத்தர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் சுற்றுவார்கள். ஹவானாவிலும் 1865 முதல் அந்த வழக்கம் இருந்தது என்று பிறகு அறிந்தபோது எனக்குப் பெரிய சந்தோசம். சுற்றி முடித்ததும் ஐயா பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நுனியில் இருந்து அடி வரை அமத்திக்கொண்டு போவார். எங்காவது கட்டியாக இருந்தால் பிரித்துத் திரும்பச் சுற்றுவார். கூர் வைக்கும்போது உள்ளிலை ஒன்று கூடினாலும் அங்கே அடைத்துவிடும். அதனால்தான் கைதேர்ந்த ஆளுக்குத்தான் இந்த வேலை கொடுப்பார்கள். உங்கள் மற்றச் சுருட்டையும் அப்படி அமத்திப் பாருங்கள்.

தீவான்:
கூர் என்றால் காரம் கூட என்று பலர் சொல்கிறார்கள், அது பிழை. காரம் இலையில் இருக்கு. கூர் செய்வது புகையை நாக்கில் ஓரிடத்தில் குவிப்பது. வாய் மிகச் சிறிதென்றால் கறுப்புப் பிசின் நுனியில் சேர்ந்து கசக்கும். அப்போது இன்னும் ஒரு மில்லிமீற்றர் வெட்டினால் சரி.

இரண்டு பக்கமும் ஒடுங்கின பெர்ஃபெக்டோ வேறு கதை. அடியும் சின்னன் என்பதால் ஒரு தீக்குச்சி போதும், ஆனால் நெருப்பு வயிற்றுப்பக்கம் வரும்வரை இழுவை இறுக்கமாகவே இருக்கும். பொறுமை இல்லாமல் உறிஞ்சினால் சூடேறிக் கசந்துவிடும். முதலில் வருவது பெரும்பாலும் மேல் இலையின் ருசி, அங்கே உள்ளிலை குறைவு.

சுருட்டுக்காரன் மகன்:
தீவான் அண்ணை சொன்னது சரி. நம்பர் 2இல் அந்த ஒடுக்கம் கடைசியில் வரும். கடைசி மூன்றிலொரு பங்கில் நிமிடத்துக்கு ஒரு தரத்துக்கு மேல் இழுக்கவேண்டாம், தம்பி. புகையை உள்ளே எடுக்கவும் வேண்டாம், இது சிகரெட் இல்லை.

கொண்டாவில் பெடியன்:
ஞாயிறு பின்னேரம் திண்ணையில் இருந்து மற்றதைப் பத்தவைத்தேன். புது பிளேட்டால் நான்கு மில்லிமீற்றர், பிறகு இன்னும் ஒன்று. இலை அவிழவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. சாம்பல் ஒரு அங்குலம் வரை விழாமல் நின்றது. அமத்திப் பார்த்தபோது கட்டி ஒன்றும் இல்லை, அண்ணை. அம்மப்பாவும் தாவடியில் சுருட்டுச் சுற்றினவராம், அம்மா நேற்றுத்தான் சொன்னா.