பாசிவ் இன்கம்: தமிழ்ல என்ன போடலாம்? (வெள்ளிக்கிழமைக்குள் வேணும்)

கயல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு சொல் வேணும். பிசினஸ் பாட்காஸ்ட் (இணையத்துல விடற ஒலித் தொடர்) வச்சு சம்பாதிக்கறது பத்தி ஒரு பயிற்சிக் கையேடு தமிழ்ப்படுத்திட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகணும். பக்கத்துக்குப் பக்கம் பாசிவ் இன்கம் வருது, அதாவது ஒரு தடவை உழைச்சு வச்சா அப்புறம் தானா வந்துட்டு இருக்கும்னு சொல்ற வருமானம். இணையத்துல தேடினா "செயலற்ற வருமானம்"னுதான் போட்டிருக்காங்க, அதைப் படிச்சா எனக்கு பேங்க்ல ரெண்டு வருஷமா யாரும் தொடாம கிடக்கற கணக்குதான் ஞாபகம் வருது. அதையும் செயலற்ற கணக்குன்னுதானே சொல்றோம். வருமானம் நின்னு போச்சுன்னு அர்த்தம் ஆயிடாதா?

கையேட்டுல வர்ற முக்கிய உதாரணம் அமெரிக்காவுல சான் டியாகோக்காரர் பாட் ஃப்ளின். 2008ல ஆர்கிடெக்ட் ஆபீஸ்ல வேலை போச்சு, பசுமைக் கட்டடம் பத்தின லீட் பரீட்சைக்குப் படிக்கறவங்களுக்காக எழுதி வச்ச குறிப்பை மின்னூலாக்கி வித்தார், அது ஓட ஆரம்பிச்சது, 2010ல பாட்காஸ்ட் தொடங்கினார். அதுக்குப் பேரே ஸ்மார்ட் பாசிவ் இன்கம். ஒவ்வொரு மாசமும் எதுல எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு செலவுன்னு பல வருஷம் வெளிப்படையா போட்டுட்டு வந்தவர். பேர்லயே அந்த வார்த்தை உட்கார்ந்திருக்கறதால நழுவிப் போகவும் வழியில்லை. கை கொடுங்க.

பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா கயல், செயலற்ற வருமானம் வேண்டவே வேண்டாம். இலக்கணத்துல பாசிவ் வாய்ஸ் என்றால் செயப்பாட்டு வினை, அந்த வழியில போனா செயப்பாட்டு வருமானம் என்று வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். நமக்கு வள்ளுவர் ஏற்கெனவே கொடுத்து வைத்திருக்கிறார். "உறுபொருளும் உல்கு பொருளும்தன் ஒன்னார்த் தெறுபொருளும் வேந்தன் பொருள்", 756. உல்கு பொருள் சுங்கம், தெறுபொருள் பகைவரிடம் திறையாகக் கொண்டது. உறுபொருள்? தானே வந்து உற்ற பொருள்! அதை அடியொற்றி உறுவருவாய் என்று வைக்கலாம். வினைத்தொகை, ஒற்றுச் சிக்கல் இல்லை, நான்கு எழுத்து கூடுதலாக எழுதவும் வேண்டாம்.

உல்கு என்ற சொல்லையும் நாம் தொலைத்துவிட்டோம். சுங்கம் தவிர்த்தவன் என்று முதற் குலோத்துங்கனுக்குப் பட்டம் கொடுத்தார்களே, உல்கு தவிர்த்தவன் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

யாழ்வாசி எழுதியது:

வாத்தியார் ஐயா கோவிக்கக்கூடாது, ஆனா பரிமேலழகர் அந்த உறுபொருளுக்கு என்ன சொல்லுறார் எண்டும் பாக்க வேணும். வைச்சவன் செத்துப்போய் கனகாலம் நிலத்துக்குள்ள கிடந்து பிறகு எடுத்தது, இல்லாட்டி உரித்துக்காரர் இல்லாமல் போன சொத்து, அதுதானே உறுபொருள்? பாட்காஸ்ட் நடத்துற மனுசன் உயிரோட இருக்கிறான் ஐயா. அவன்ர காசை அரசன்ர கஜானாவில சேர்க்கிற மாதிரி இருக்குது. வடிவான சொல்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல, பொருள் இடிக்குது.

தணிக்கையாளன் (கோவை) எழுதியது:

சொல்லுக்கு முன்னாடி பொருளைப் பாத்துரலாம்ங்க, ஏன்னா இங்க பொருளே குழப்பமா இருக்குது. நம்ம வருமான வரிச் சட்டத்துல சம்பளம், வீட்டுச் சொத்து, தொழில், மூலதன ஆதாயம், பிற வழி வருமானம்னு அஞ்சு தலைப்புதான், பாசிவ்னு ஒண்ணு இல்லவே இல்ல. அமெரிக்காவுலதான் அதுக்கு சட்டத்துல இடம். 1986 வரிச் சீர்திருத்தத்துல 469ஆம் பிரிவுன்னு கொண்டு வந்தாங்க. காரணம் என்னன்னா அங்க பெரிய சம்பளக்கார டாக்டர், வக்கீல் எல்லாம் எங்கயோ ஒரு கட்டடத்துல பங்கு வாங்கிப் போட்டுட்டு, எட்டிக்கூடப் பாக்காம, அதுல காகிதத்துல நட்டம் காட்டி சம்பள வரியைக் குறைச்சுட்டு இருந்தாங்க. அதுக்கு ஒரு வேலி. நீ நேரடியா பாடுபடாத தொழில்ல வந்த நட்டத்தை நீ பாடுபட்ட சம்பளத்துல கழிக்காதேன்னு.

பாடுபட்டானா இல்லையான்னு பாக்க ஏழு சோதனை வச்சாங்க, முதல் சோதனை வருஷத்துக்கு 500 மணி நேரத்துக்கு மேல வேலை செஞ்சானாங்கறது. அப்படிச் செஞ்சிருந்தா அது பாசிவ் இல்ல. இன்னொரு வேடிக்கை, நாம எல்லாரும் பாசிவ்னு நினைக்கற வட்டியும் பங்கு ஈவும் அந்தப் பிரிவுப்படி பாசிவ் கிடையாது, முதலீட்டு வருமானம்னு வேற கணக்கு.

இப்ப வாரம் ஒரு எபிசோட் போடறவன், பேட்டிக்கு ஆள் புடிக்கறது, பேசறது, வெட்டி ஒட்டறது, மெயிலுக்குப் பதில் போடறதுன்னு வாரத்துக்குப் பத்து மணி நேரம் போட்டாலே 520 ஆச்சு. அமெரிக்க வரிக்காரன் கண்ணுக்கு அவன் நேரடியா பாடுபட்டவன். நீங்க சொல் தேடறது இல்லாத பொருளுக்கு.

ஒலிவாங்கி எழுதியது:

தணிக்கை அண்ணா சொன்னதுக்கு ஒரு லைக். நானே ரெண்டு வருஷமா சின்னதா ஒரு பிசினஸ் பாட்காஸ்ட் நடத்தறேன், பாசிவ்ங்கற வார்த்தையைக் கேட்டாலே எடிட்டிங் உட்கார்ற என் முதுகு வலிக்குது.

ஆனா முழுசா பொய்யின்னும் சொல்ல முடியாது, பணம் எப்படி வருதுன்னு கொஞ்சம் பிரிச்சுப் பாத்தா புரியும். விளம்பரம்னா ஆயிரம் டவுன்லோடுக்கு இவ்வளவுன்னு ரேட். பேச்சுக்கு ஆயிரத்துக்கு 20 டாலர்னு வச்சுக்கங்க, ஒரு எபிசோடுக்கு 2000 டவுன்லோடு, நடுவுல ரெண்டு விளம்பரம், மொத்தம் 80 டாலர். அவ்வளவுதான். முன்னாடியெல்லாம் விளம்பரத்தை நாமளே படிச்சு ஆடியோவோட பிரிக்க முடியாம சேர்த்து வச்சிருவோம், அஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தர் கேட்டாலும் அதே செத்துப்போன ஆஃபர்தான் கேட்கும், நமக்கு ஒரு பைசா வராது. இப்ப ஒருத்தர் டவுன்லோட் பண்ற அந்த நிமிஷம் சர்வர் அன்னிக்கு இருக்கற விளம்பரத்தை உள்ள சொருகி அனுப்புது. அதனால 2016ல பேசின எபிசோடும் இன்னிக்கு சம்பாதிக்கும். இது நிஜமாவே நாம ஒண்ணும் பண்ணாம வர்ற காசு, ஆனா பழைய எபிசோடை யாராவது தேடி வந்து கேட்கணும், அதுக்கு நாம புதுசு போட்டுட்டே இருக்கணும்.

ரெண்டாவது பரிந்துரைக் கமிஷன். ஃப்ளினோட மாசக் கணக்குல பெரிய தொகை வந்ததே வெப்சைட்டுக்கு இடம் குடுக்கற ஹோஸ்டிங் கம்பெனியைக் கை காட்டினதுக்குத்தான், எபிசோடுல விளம்பரம் படிச்சதுக்கு இல்ல. அவர் சொன்ன பேச்சை நம்பி எவனோ ஒருத்தன் ராத்திரி மூணு மணிக்கு அந்த லிங்க்கை அமுக்கினா இவருக்குக் காசு. கமிஷன் வாங்கறேன்னு வெளிய சொல்லணும், அங்க வணிகத்தைக் கண்காணிக்கற எஃப்டிசிங்கற அரசு அமைப்போட விதி. மூணாவது, கோர்ஸ், மின்னூல், மாசச் சந்தா.

ஜான் லீ டூமாஸ்னு இன்னொருத்தர், 2012ல ஆரம்பிச்சு தினம் ஒரு தொழில்முனைவோர் பேட்டின்னு போட்டார். வாரத்துல ஒரு நாளை ஒதுக்கி பேட்டி எல்லாத்தையும் வரிசையா பதிவு பண்ணித் தள்ளிருவார். அவரும் மாச வருமானத்தைப் பல வருஷம் பொதுவுல போட்டவர். அந்த ஒரு நாளைப் பாத்தவங்க யாரும் அதைச் செயலற்றதுன்னு சொல்ல மாட்டாங்க.

கயல் எழுதியது:

அண்ணா, இதெல்லாம் கையேட்டுலயும் இருக்கு, ஆனா எனக்கு சொல் வேணும் :) நாளைக்கு புதன்.

தூங்கினாலும் வரும் வருமானம்னு ஒரு இடத்துல விளக்கமா எழுதிட்டேன், தலைப்புக்கு அது நீளம். தானியங்கு வருமானம் எப்படி?

யாழ்வாசி எழுதியது:

தானியங்கு எண்டா காசு எடுக்கிற ஏரிஎம் இயந்திரத்தின்ர ஞாபகம் வருது தங்கச்சி. தொடர் வருமானம் எண்டும் போடேலாது, மாசச் சம்பளமும் தொடர்ந்துதானே வருது. எங்கட பக்கம் பள்ளிக்கூடப் புத்தகத்தில ஆக்டிவுக்கு உயிர்ப்பு எண்டு போடுவினம், அதால உயிர்ப்பில் வருமானம் எண்டு சொல்லிப் பாத்தன், மனுசிக்கு வாசிச்சுக் காட்ட "ஆருக்கு என்ன நடந்தது" எண்டு கேட்டா.

தணிக்கையாளன் (கோவை) எழுதியது:

நான் ஒரு சொல் சொல்றேன், சண்டைக்கு வராதீங்க. மேல்வாரம். நிலத்துல கால் வைக்காம நிலத்துக்காரனுக்குப் போற பங்கு மேல்வாரம், உழுதவன் பங்கு குடிவாரம். நம்ம ஊர்ப் பத்திரத்துலயும் கணக்குலயும் தலைமுறை தலைமுறையா புழங்கின சொல்லு. 1956ல சென்னை மாநிலத்துல நியாய வாரத்துக்குன்னு சட்டமே போட்டாங்க. புதுசா பண்ணவே வேண்டாம்ங்க, கிடக்கறதை எடுத்துத் தூசி தட்டினாப் போதும்.

ஒலிவாங்கி எழுதியது:

அண்ணா, மேல்வாரம் கேட்டா எங்க தாத்தாவுக்குப் புரியும், பாட்காஸ்ட் கேக்கற இருபது வயசுப் பையன் போன வாரமான்னு கேப்பான். அதோட தஞ்சாவூர்ப் பக்கம் அந்தச் சொல்லுக்குப் பின்னாடி பெரிய சண்டையே இருக்கு, மேல்வாரம் குடுத்தே தேய்ஞ்ச வீட்டுப் பிள்ளை பயிற்சி வகுப்புல உட்கார்ந்திருந்தா என்ன நினைக்கும்? இன்னொண்ணு, இங்க உழுதவனும் நிலத்துக்காரனும் ஒரே ஆள்.

பழைய வாத்தியார் எழுதியது:

ஒன்று கவனித்தேன், எல்லோரும் வருமானம், வருமானம் என்கிறீர்கள். மானம் வடமொழி ஈறு. வருவாய் என்று எழுதுங்கள், அல்லது வள்ளுவர் 478இல் சொல்லும் ஆகாறு. "ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை." வரவுக்கு ஆகாறு, செலவுக்குப் போகாறு. அந்த அமெரிக்கர் மாதாமாதம் போட்டது ஆகாறு போகாறு அறிக்கைதானே!

தணிக்கையாளன் (கோவை) எழுதியது:

ஐயா, ஆகாறு போகாறு அறிக்கைன்னு நான் ஒரு கம்பெனிக்கு எழுதிக் குடுத்தா அடுத்த வருஷம் வேற ஆடிட்டரைப் பாத்துக்குவாங்க. மானம் வடமொழின்னு எப்படிச் சொல்றீங்க? பிடிமானம், சேர்மானம், கட்டுமானம், செரிமானம், பெறுமானம், எல்லாம் முன்னாடி நிக்கறது நம்ம வினையடிதானே. நான் நாள் முழுக்க எழுதற தேய்மானத்தையும் எடுத்துட்டா நான் பேலன்ஸ் ஷீட்டை எப்படி முடிக்கறது.

பழைய வாத்தியார் எழுதியது:

முன்னால் நிற்பது தமிழ், பின்னால் ஒட்டியது? அனுமானம், விமானம் இவற்றைப் பார்த்து ஒட்டவைத்தது என்பது என் துணிபு. விமானத்தையும் சிலர் தமிழ் என்பார்கள், அது வேறு வழக்கு, அதற்குள் போனால்

கயல் எழுதியது:

ஐயா வியாழன் ஆயிடுச்சு.

யாழ்வாசி எழுதியது:

சரி, நான் ஒண்டு சொல்லுறன். எல்லாருக்கும் தெரிஞ்ச குறள்தான், தொட்டனைத்தூறும் மணற்கேணி. தோண்டின அளவுக்கு ஊறும். முதல்ல ஆள் இறங்கித் தோண்ட வேணும், பிறகு நித்திரை கொண்டாலும் ஊறும், தூர் வாராமல் விட்டா வத்திப்போகும். ஊற்று வருமானம் எண்டு வையுங்கோ. ஒலிவாங்கித் தம்பி சொன்ன பழைய எபிசோட் காசும் இதுதான், தணிக்கை அண்ணை சொன்ன 500 மணித்தியாலமும் இதுக்குள்ள அடங்குது.

பழைய வாத்தியார் எழுதியது:

அருமை. ஆனால் வினைத்தொகையாக ஊறுவருவாய் என்று வைத்தால் மேலும் செறிவு.

ஒலிவாங்கி எழுதியது:

ஊறுன்னா கேடுன்னும் அர்த்தம் உண்டே ஐயா, இடையூறு. அதை விட்டாலும் ஊறுகாய்க்குப் பக்கத்துல போய் நிக்குது. வினைத்தொகைக்கு நீங்க வகுப்புல சொல்ற முதல் உதாரணமே அதுதானே. நான் ஊற்று வருமானத்துக்கு ஓட்டு.

பாட்காஸ்டை என்ன பண்ணப் போறீங்க கயல்? ஐபாடையும் ப்ராட்காஸ்டையும் ஒட்டி 2004ல கார்டியன் பத்திரிகையில பென் ஹாமர்ஸ்லி எழுதின சொல்லு அது, 2022ல ஐபாடையே ஆப்பிள் நிறுத்திடுச்சு, சொல் மட்டும் ஓடுது. வலையொலின்னு போட்டா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

கயல் எழுதியது:

முதல் தடவை மட்டும் வலையொலி எனப்படும் பாட்காஸ்ட், அப்புறம் பாட்காஸ்ட்தான். ஆசிரியர் குழு அதுக்கு ஒத்துக்கிட்டாங்க.

ஊற்று வருமானம் போடறேன். மூணு பேர் சரின்னுட்டீங்க, வாத்தியார் ஐயா ஊறுவருவாய்ன்னாலும் வேர் அதேதான், அரை ஓட்டா எடுத்துக்கறேன். தலைப்புல பாசிவ் வருமானம்னு வச்சுட்டு உள்ள ஊற்று வருமானம்னு போகப்போறேன், இல்லாட்டி கையேட்டைத் தேடி வர்றவங்களுக்குக் கிடைக்காது. உழைப்பே இல்லாத வருமானம் அல்லன்னு தணிக்கை அண்ணாவோட 500 மணி நேரக் கணக்கை ஒரு பெட்டியில தனியா போடறேன், அண்ணா ஒரு தடவை சரி பாத்துக் குடுங்க.

தணிக்கையாளன் (கோவை) எழுதியது:

பாத்துட்டேன், கணக்கு சரி. "அமெரிக்க வரிச் சட்டப்படி"ன்னு மட்டும் முன்னாடி சேத்துருங்க, இங்க யாராச்சும் அதை வச்சு ரிட்டர்ன் போட்டுறப் போறாங்க. இங்க அது தொழில் வருமானம், அவ்வளவுதான்.

மூணு பேர்ல நான் இல்லைங்கறதையும் பதிவு பண்ணிக்கறேன். ஊற்றுன்னா கேக்கறவனுக்கு தண்ணி நிச்சயம்னு ஒரு நினைப்பு வந்துரும். எங்க பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி வந்த தோட்டம் எத்தனைன்னு உங்களுக்குத் தெரியாது. எபிசோடுக்கு 2000 டவுன்லோடு வராத பாட்காஸ்ட்தான் ஊர்ல அதிகம்னு ஒலிவாங்கியே சொல்வார். நான் என் வகுப்புல பாசிவ்னே சொல்லிட்டு, மேல்வாரத்தை அடைப்புக்குள்ள எழுதிப் போடுவேன், எவன் கேக்கறான்னு பாக்கலாம்.

பழைய வாத்தியார் எழுதியது:

கேணி வேறு, ஆழ்துளைக் கிணறு வேறு. குறளில் உள்ளது மணற்கேணி. இதை விரிவாக ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன், உல்கையும் சேர்த்து.