செயின்ட் மேரி ஊல்நோத்: சக்கர நாற்காலி உள்ளே போகுமா?

நண்பர்களே, லண்டனில் அடிமை வணிக எதிர்ப்போடு தொடர்புள்ள தேவாலயங்களை அப்பாவுக்குக் காட்டப் போகிறேன். அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார், ஒரு படிகூட ஏற முடியாது. வரும் வியாழன் ஒரே நாள்தான்.

அடிமையாக இருந்து, பின்னர் அடிமை வணிகத்தை எதிர்த்து எழுதிய ஈக்குவியானோ 1759-இல் ஞானஸ்நானம் பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் செயின்ட் மார்கரெட், அந்த வணிகத்தை நிறுத்த நாடாளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸ் வழிபட்ட கிளாப்பம் ஹோலி ட்ரினிட்டி ஆகிய இரண்டு தேவாலயங்களுக்கும் வழி பார்த்தாயிற்று. கிளாப்பம் காமன் ரயில் நிலையத்தில் லிஃப்ட் இல்லை, அதனால் பேருந்து.

சிக்கல் 'பேங்க்' ரயில் நிலையத்தை ஒட்டிய செயின்ட் மேரி ஊல்நோத் தேவாலயத்தில்தான். அப்பா முக்கியமாகப் பார்க்க நினைப்பதும் அதைத்தான். அடிமைக் கப்பலின் தலைவராக இருந்த ஜான் நியூட்டன் 1780 முதல் 1807-இல் இறக்கும்வரை அங்கே போதகர். 1788-இல் அடிமை வணிகத்தை எதிர்த்து வெளிப்படையாகவே எழுதினார். தன்னை 'ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்குப் பணியாள்' என்று சொல்லி அவரே எழுதிவைத்த நினைவு வாசகம் உள்ளே இருக்கிறது. அதை அப்பா நேரில் படிக்க வேண்டும்.

முன்வாசல் முழுக்கப் படிகள். வரைபடத்தில் தெருப்படங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், பக்கவாசல் எதுவும் புலப்படவில்லை. பயணிகள் எழுதிய குறிப்புகளையும் தேடினேன், அந்தப் பக்கம் வேலை செய்யும் நண்பரையும் கேட்டேன். பலனில்லை. நாற்காலி மடக்கக்கூடியது, ஆனால் அப்பாவைத் தூக்க என்னால் தனியாக முடியாது.

அண்மையில் போனவர்கள் சொல்லுங்கள்: அங்கே படியில்லாத வழியோ, சாய்தளப் பலகையோ இருக்கிறதா?